படிக்காமல் அழுத்திய பொத்தான்

புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு பழைய கணினிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அச்சகம், பள்ளிக்கூடம், ரத்தப் பரிசோதனை நிலையம் என்று மாவட்டம் முழுக்கப் போய் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையில் நம்மை மிஞ்ச இந்தப் பக்கம் ஆளில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. கூடவே முன்கோபம். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதை என் மனைவியிடம் கேட்டால் விலாவாரியாகச் சொல்வாள்.

நான் யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை. கணினி விஷயத்தில் மனதார மெச்சுகிற ஆள் ஒருவர்தான் உண்டு. அவர் எட்டாம் வகுப்புவரை படித்த பெண். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

கறம்பக்குடியில் ஓர் அச்சகம். அங்கிருந்த இரண்டு கணினிகளிலும் வைரஸ் புகுந்து, பாதி வேலையில் படுத்துவிட்டன. முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டிலும் லினக்ஸ் போட்டு, பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கிற இலவச மென்பொருள் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனபோது, பழைய ஆபரேட்டர் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய நாற்காலியில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தார் இந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மவுஸைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். முழுக்கப் பென்சில் கிறுக்கல். ஆங்கிலச் சொற்களை எழுதவில்லை, வரைந்திருந்தார். எது உயரம், எது குட்டை, எந்த எழுத்துக்கு வால் கீழே தொங்குகிறது என்று ஒவ்வொரு சொல்லையும் படமாகப் போட்டு, பக்கத்தில் தமிழில் ஒரு பெயர் எழுதியிருந்தார். என்னவென்று கேட்டேன். அவர் கூச்சப்படாமல் சொன்னார். அறந்தாங்கியில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருஷம் வேலை. மடித்துக் கட்டுகிற வேலைக்குப் போனவர், ஆபரேட்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வடிவமைப்பைக் கற்றுக்கொண்டார். ஏ, பி, சி, டி தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் படிக்க வராது. அதனால் ஒவ்வொரு கட்டளையையும் இடத்தை வைத்தும் உருவத்தை வைத்தும் நினைவில் வைத்துக்கொண்டார். அந்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். கணவர் சவூதியிலிருந்து முதுகு ஒடிந்து திரும்பி வந்து ஒரு வருஷமாகிறது. வீட்டில் உலை ஏறுவது இவர் கையில்தான்.

“பழைய ஊர்ல கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்ணே. இது புது ஊரா இருக்கு. போர்டும் படிக்கத் தெரியல.”

புது மென்பொருளில் எல்லாம் இடம் மாறியிருந்தது. பதினோரு வருஷத்து நினைவு ஒரே நாளில் உதவாமல் போய்விட்டது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர் நோட்டில் புதிய பக்கம் திறந்து மறுபடி முதலிலிருந்து வரைந்துகொண்டிருந்தார்.

நான் அந்தப் பெயர்களை வாசித்தேன். செய்ததை ரத்து செய்கிற கட்டளைக்கு ‘வாங்கிக்க’ என்று வைத்திருந்தார். பல துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்குவதற்கு ‘முடிச்சு’. பிரிப்பதற்கு ‘அவுத்து விடு’. ஒன்றை இன்னொன்றுக்குப் பின்னால் தள்ளுவதற்கு ‘அங்கிட்டுப் போ’. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கணினித் தமிழுக்குக் கலைச்சொல் உருவாக்குகிறோம் என்று ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானே இரண்டு கூட்டத்தில் மேடையேறிப் பேசி, சால்வை வாங்கியிருக்கிறேன். ‘அங்கிட்டுப் போ’ மாதிரி ஒன்று எங்களுக்கு வாய்க்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பொறுமை கிடையாது. ஒரு காதணி விழாப் பத்திரிகையை இந்தப் பெண்ணிடம் கொடுத்து, சனிக்கிழமை மதியத்துக்குள் இந்த மெஷினில் முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காதணிப் பத்திரிகை என்றால் எங்கள் பக்கம் சும்மா இல்லை. தாய்மாமன்கள் எத்தனை பேர், யார் பெயர் முதலில், பங்காளிகளில் யார் யாருக்கு மேலே என்பதில் ஒரு வரி மாறினாலும் விழாவுக்கு வராமல் முறுக்கிக்கொள்வார்கள். அந்த வீட்டுக்காரர்களோடு மூன்று நாள் போனில் பேசி, இரண்டு தடவை புரூஃப் காட்டித் திருத்தி, எல்லாரும் ஒப்புக்கொண்ட வரிசையை அவர் வாங்கி வைத்திருந்தார். எண்ணி எண்ணி, தடவித் தடவித்தான் அந்தப் புது மென்பொருளில் அதை அடித்திருந்தார். படங்களை இடம் மாற்றி அலங்காரம் செய்து முடிக்க வேண்டியது பாக்கி. அன்று வியாழக்கிழமை.

கிளம்புகிற நேரத்தில் அவர் மெதுவாகக் கேட்டார். இந்த மெனுவெல்லாம் தமிழில் வர வழி இருக்கிறதா என்று.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இருபது வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன். எத்தனையோ இடத்தில் நானாகத் தமிழில் வைத்துக் கொடுத்து, மறுநாளே இங்கிலீஷுக்கு மாற்றுங்கள் என்று போன் வந்திருக்கிறது. உட்கார்ந்தேன்.

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் திறக்கும்போது, தன்னைத் திறந்துவிட்டவரிடம் ‘இங்கே என்ன மொழி?’ என்று கேட்கும். திறந்துவிட்டவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் எல், ஏ, என், ஜி என்ற நாலு எழுத்துக்கு எதிரே எந்த மொழி எழுதியிருக்கிறதோ அந்த மொழியில் மெனு வரும். சூழல் மாறி என்று அதற்குப் பெயர். இந்தச் சீட்டுக் கதையை அவரிடமும் சொன்னேன். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்தேன். அது படிக்கிற கோப்பில் தமிழ் என்று ஒரு வரி சேர்த்தேன். அதை மூடித் திறந்து, அங்கிருந்தே மென்பொருளின் பெயரை அடித்தேன். மேலே இருந்த மெனு முழுக்கத் தமிழ்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். ‘கோப்பு’ என்றால் ஃபைலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ‘செயல்தவிர்’ என்பதைப் பார்த்துவிட்டு, அதுதான் தன்னுடைய ‘வாங்கிக்க’ என்று கண்டுபிடித்துச் சிரித்தார். இதுதான் அழகு என்று நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு, தமிழ்த்தாய்க்கு நேரில் மாலை போட்ட பெருமிதத்தில் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போன். தமிழ் வரவில்லை.

நான் எடுத்த எடுப்பிலேயே, எதையாவது தொட்டீர்களா என்றுதான் கேட்டேன். என் தொழிலில் அது முதல் கேள்வி. கேட்ட குரலும் நன்றாக இல்லை. அவர் ஒன்றையும் தொடவில்லை என்றார். நான் நம்பவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூட வேலை ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவருக்கு ஒரு முழு நாள் வீண் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் பஸ் திருவரங்குளம் தாண்டும்வரை முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

உள்ளே நுழைந்ததும் மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். கறுப்புத் திரையைத் திறந்து மென்பொருளின் பெயரை அடித்தேன். பளிச்சென்று தமிழில் வந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். வருகிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் வராது என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் எகத்தாளம் இருந்தது. இப்போது எழுதும்போது கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. மவுஸைத் தன் பக்கம் இழுத்து, திரையில் இருந்த மென்பொருளின் ஐகானை இரண்டு தட்டுத் தட்டினார். அதே மென்பொருள் ஆங்கிலத்தில் வந்து நின்றது. ஒரே திரையில் இரண்டு ஜன்னல். ஒன்றில் தமிழ், இன்னொன்றில் ஆங்கிலம்.

“நேத்து ஆறு தடவ பாத்துட்டேன்ணே. நீங்க அந்தக் கறுப்புக் கட்டம் வழியா உள்ள போறீங்க. நான் படத்தத் தொட்டுப் போறேன். ரெண்டு வாசல். நீங்க சொன்ன சீட்டு ஒங்க வாசல்ல மட்டுந்தான் ஒட்டியிருக்கு.”

அவர் சொன்னது சரிதான். நான் வரி சேர்த்த கோப்பைக் கறுப்புத் திரை மட்டும்தான் படிக்கும். ஐகானைத் தட்டினால் மென்பொருளைத் திறந்துவிடுவது டெஸ்க்டாப் என்கிற முகப்புத் திரை. காலையில் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வரும்போதே அது தன் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. என் கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்காது. இதை நான் பல வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன். தெரிந்திருந்தும், ஐகான் பக்கமே போகாமல் கறுப்புத் திரையிலேயே குடியிருந்து பழகியதால் மறந்துபோனேன். இதை எந்தப் புத்தகமும் இல்லாமல், ஆறு தடவை தட்டிப் பார்த்து, இரண்டு வாசல் என்று சொன்னாரே, அதற்குமேல் ஒருவர் சொல்ல ஒன்றுமில்லை. கணினி படித்த பிள்ளைகள் இதே சிக்கலை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மூக்குடைந்தவனுக்கு ரோஷம் வரும். எனக்கும் வந்தது. சின்னதாகச் சரிசெய்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, மொத்த டெஸ்க்டாப்புக்கும் சேர்த்துத் தமிழ் என்று, கடவுச்சொல் கேட்கிற வாசற்படியிலேயே எழுதினேன். கணினியிலிருந்து வெளியேறி, மறுபடி கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தேன். நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. தமிழில் நாலைந்து வரி, கீழே இரண்டு பொத்தான். நான் வாழ்நாளில் இந்த மாதிரிப் பெட்டி எதையும் படித்ததில்லை. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வலப்பக்கப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை அமர்த்திக் காட்டினேன்.

டெஸ்க்டாப் வெறுமையாக வந்தது. அதில்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தார் அவர். காதணிப் பத்திரிகை, தாய்மாமன்கள் வரிசை, படங்கள், பழைய நோட்டீஸ்கள். ஒன்றையும் காணோம். நீல நிறம் மட்டும் இருந்தது.

மணி பதினொன்று. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். பின்னாலேயே, பத்திரிகை வாங்க வந்த தாய்மாமன் ஒருவர். முதலாளி திரையைப் பார்த்தார். நேராக அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

“ஏம்மா, என்னத்தம்மா தொட்டே?”

அதே கேள்வி. நான் போனில் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. நாலு பேருக்குத் தெரிந்த ஆள், மேடையில் சால்வை வாங்கிய ஆள், ஒரு பொத்தானைப் படிக்காமல் அழுத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷம்கூட இருக்காது அந்த மௌனம். அந்த ஒரு நிமிஷத்தில் அவருடைய வேலை போயிருக்கும். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அது பெருமைப்படும்படி இல்லை.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனக்காகப் பழியை ஏற்கவும் இல்லை. அதற்கெல்லாம் நேரமில்லை என்பதுபோல் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

“எங்கயும் போகலைங்க. அந்தப் பொட்டியிலயே போட்டிருந்துச்சு. பாசை மாறினதால ஃபோல்டர் பேரையும் தமிழ்ல மாத்தவான்னு கேட்டுச்சு. மாத்தினா உள்ள இருக்க சாமான நகத்தாதுன்னும் எழுதியிருந்துச்சு. இது புதுசாக் கட்டுன காலி அறை. பழைய அறை அங்கிட்டு அப்படியே இருக்கும்.”

நான் அழுத்துவதற்கு முன்னால் அந்த மூன்று நொடியில், அத்தனை வரியையும் அவர் படித்திருந்தார். பதினோரு வருஷத்தில் ஒரு கணினி அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதை மரியாதையாக முழுசாகப் படித்தார். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த நான் எதையும் படிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. பொத்தானை அழுத்தியது நான்தான், அவர் தடுக்க வந்தார், நான்தான் கேட்கவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். தாய்மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அதற்குள் அந்தப் பெண் கோப்புகள் இருக்கிற ஜன்னலைத் திறந்துவிட்டார். தமிழ்ப் பெயரோடு புது ஃபோல்டர்கள். அவற்றுக்குக் கீழே ஆங்கிலப் பெயரோடு பழையவை நாலைந்து. எது டெஸ்க்டாப் என்று நான் காட்டப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். வயிறு முன்னால் தள்ளிய எழுத்தில் தொடங்கி, நடுவில் நெட்டையாய் ஒன்று, கடைசியில் வால் தொங்குகிற ஒன்று என்று வரைந்திருந்த உருவம். திரையில் அதே உருவத்தைத் தட்டினார். உள்ளே காதணிப் பத்திரிகை இருந்தது. தாய்மாமன்கள் ஐந்து பேரும் ஒப்புக்கொண்ட வரிசையில் நின்றார்கள்.

தமிழ் மெனுவோடு அவர் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எண்ணவில்லை. உதடு அசையவில்லை. தேடுவது எங்கே இருக்கும் என்று யோசித்து, தலைப்பைப் படித்து, நேராக அங்கே போனார். இரண்டு நாளாக இடித்துக்கொண்டு நின்ற அலங்காரம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வந்திருந்த தாய்மாமன் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி போடுங்க என்றார். அச்சு மெஷின் ஓடத் தொடங்கியது.

நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னார்.

சாயங்காலத்தில் இதே கணினியில் முதலாளிதான் உட்கார்ந்து ரசீது அடிப்பாராம். அவருக்கு எல்லாம் ஆங்கிலத்தில் இருந்துதான் பழக்கம். இப்போது அவர் வந்து உட்கார்ந்தால், தான் வியாழக்கிழமை முழித்த மாதிரி அவர் முழிப்பார் என்றார். தனக்குத் தேவை அந்த ஒரு மென்பொருளில் மட்டும்தான். மற்றதையெல்லாம் இருந்தபடியே வைத்துவிட முடியுமா என்று கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. தமிழ் என்றால் எல்லாம் தமிழாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்த நாற்காலியில் இன்னொருவரும் உட்காருவார் என்பது அவருக்குத்தான் தோன்றியது. திங்கட்கிழமை தனக்கு அந்த நாற்காலி உண்டா என்று அதுவரை முதலாளி வாயிலிருந்து வரவில்லை. அந்த நேரத்திலும் முதலாளி தடுமாறக் கூடாது என்று நினைத்தாரே, அந்த மனதை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என்னிடம் அது இல்லை.

முடியும் என்றேன். ஐகானுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. தட்டினால் எதைத் திறக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியின் முன்னால் மொழிச் சீட்டை ஒட்டிவிட்டால் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் தமிழ். ஐந்து நிமிஷ வேலை. முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான். அதைச் செய்தேன். வாசற்படியில் எழுதியதை அழித்தேன். கணினியிலிருந்து வெளியேறி, மறுபடி உள்ளே வந்தேன்.

மொழி திரும்ப மாறியதால் அந்தப் பெட்டி மறுபடி வந்து நின்றது. இந்தத் தடவை ஆங்கிலத்தில்.

கை பழக்கதோஷத்தில் பொத்தான் பக்கம் போனது. எடுத்துவிட்டேன். மவுஸை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியை முதல் வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மெதுவாக, ஒன்று விடாமல். ஃபோல்டர்களின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றவா என்று கேட்கிறது, மாற்றினால் தமிழ்ப் பெயர் போட்ட ஃபோல்டரில் இருப்பதை நகர்த்தாது என்கிறது, இடப்பக்கப் பொத்தான் இப்போதைய பெயரே இருக்கட்டும் என்பதற்கு, வலப்பக்கம் மாற்று என்பதற்கு. மேசையருகே முதலாளியும் வந்து நின்று கேட்டார். சொல்லி முடித்துவிட்டு, எதை அழுத்தட்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். தமிழ்ப் பெயர் போட்டது காலி அறை, அதில் நகர்த்த ஒன்றுமில்லை. சாமானெல்லாம் இங்கிலீஷ் பெயர் போட்ட அறையில்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மாத்துங்கண்ணே.”

அழுத்தினேன். காணாமல் போனவை அத்தனையும் வந்து அதனதன் இடத்தில் நின்றன. அவர் தன் ஐகானைத் தட்டினார். தமிழில் திறந்தது. பின்னால் நின்ற முதலாளி கனைத்தார்.

“திங்கக்கெழம ஒம்பது மணிக்கே வந்துரும்மா. நோட்டீஸ் வேலை நெறைய கெடக்கு.”

அவர் சரிங்க என்று மட்டும் சொன்னார். நோட்டை எடுத்துப் பையில் வைத்தார்.